தினமும் மேட் கழுவியும் கொப்புளம் பரவுகிறதே, ஏன்?

கேள்வி: பதின்வயதுப் பையன்களுக்கு மல்யுத்தம் கற்றுத்தரும் பயிற்சியாளர் நான். குழுவில் 18 பேர். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒருவனுக்குக் கன்னத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தன. மேட்டில் உரசிய காயம் என்று நினைத்து, பிளாஸ்டர் ஒட்டிவிட்டுப் பயிற்சியைத் தொடர்ந்தோம். இப்போது இன்னும் மூன்று பேருக்கு வந்திருக்கிறது. அதில் ஒருவனுக்குக் கண் இமையை ஒட்டியே இருக்கிறது. காலையும் மாலையும் ப்ளீச் போட்டு மேட்டைக் கழுவுகிறோம், நிற்கவில்லை. ஒன்பது நாளில் போட்டி. இதற்கிடையில் இன்னொரு பையனின் அப்பா, தன் மகனுக்கு ஹெபடைடிஸ் பி இருப்பதாக என்னிடம் தனியாகச் சொன்னார். அவனைத் தொடர்ந்து பயிற்சியில் வைத்துக்கொள்ளலாமா? மற்ற பெற்றோரிடம் சொல்ல வேண்டுமா? யாரைப் போட்டிக்கு அனுப்புவது, யாரை நிறுத்துவது என்று தெரியாமல் தவிக்கிறேன்.

பதில்:

அன்புள்ள பயிற்சியாளர் அவர்களுக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். இமைக்குப் பக்கத்தில் கொப்புளம் வந்த பையனை இன்றைக்கே கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். கண் சிவந்திருந்தாலோ, வெளிச்சம் பட்டால் கூசினாலோ, நீர் வடிந்தாலோ, பார்வை மங்கலாக இருந்தாலோ நாளை காலை வரைகூடக் காத்திருக்க வேண்டாம். நான் சந்தேகப்படும் வைரஸ் கருவிழிக்குப் போனால் தழும்பு விழும், பார்வையே பாதிக்கப்படலாம். வீட்டில் கிடக்கும் கண் சொட்டு மருந்து எதையும் போடக்கூடாது என்று அவன் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டாக இருந்தால் தொற்றை அது இன்னும் மோசமாக்கிவிடும்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். பார்க்காமல் நோயை உறுதிசெய்ய முடியாது. ஆனால் நீங்கள் விவரித்திருப்பது ஹெர்பிஸ் வைரஸ் தொற்றின் நடையோடு அப்படியே பொருந்துகிறது. உதட்டோரம் காய்ச்சல் கொப்புளம் வருமே, அதே ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை வைரஸ்தான் மல்யுத்த வீரர்களுக்கு முகத்திலும் கழுத்திலும் கையிலும் வருகிறது. மருத்துவத்தில் இதற்கு ஹெர்பிஸ் கிளாடியேட்டோரம் என்று பெயர். ரக்பி ஆடுபவர்களுக்கும் வரும். ஸ்க்ரமில் தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்கும்போது கன்னமும் தாடையும் உரசும் இடங்களில்தான் அங்கே பார்க்கலாம். உங்கள் பையன்களுக்குக் கொப்புளம் எந்தப் பக்கம் வந்திருக்கிறது என்று பாருங்கள். எதிராளியின் கழுத்தைப் பிடித்துத் தலையைச் சாய்க்கும்போது தோலோடு தோல் ஒட்டும் பக்கமாகவே பெரும்பாலும் இருக்கும்.

இதை உரசல் காயம் என்று எடுத்துக்கொள்வது எங்கும் நடப்பதுதான், உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வித்தியாசம் தெரிந்துகொள்வது நல்லது. உரசல் காயம் உரசிய உடனே எரியும், தோல் பரவலாகத் தேய்ந்திருக்கும். ஹெர்பிஸ் வருவதற்கு முன்பே, தோலில் ஒன்றும் தெரியாதபோதே, அந்த இடம் குறுகுறுக்கும் அல்லது எரியும். பிறகு சிவந்த தோலின் மேல் கடுகு கடுகாக நீர்க்கொப்புளங்கள் ஒரே இடத்தில் கொத்தாக எழும்பும். முதல் தடவை என்றால் காய்ச்சல், தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டுவது எல்லாம் சேர்ந்து வரலாம். தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால் அது பாக்டீரியாவால் வரும் இம்பெடிகோவாக இருக்கலாம். வட்டமாக, ஓரம் தடித்துப் பரவினால் படர்தாமரை. இவை ஒன்றைப் போலவே இன்னொன்று தெரிந்து ஏமாற்றக்கூடியவை. ஹெர்பிஸுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டு ஒரு வாரத்தை வீணாக்கியவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அந்த ஒரு வாரத்தில் பையன் பத்துப் பேரோடு கட்டிப் புரண்டிருப்பான். அதனால் புதிதாக எழும்பிய கொப்புளத்தை உடைத்து, அதன் அடியிலிருந்து பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்துப் பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லித் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். காய்ந்துபோன பொருக்கிலிருந்து எடுத்தால் சரியான முடிவு கிடைப்பது கஷ்டம்.

மேட் கழுவியும் ஏன் நிற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வைரஸ் பரவுவது தோலிலிருந்து தோலுக்கு. இதன் மேல் கொழுப்பாலான ஓர் உறை உண்டு. காய்ந்த பரப்பில் அந்த உறை சிதைந்து வைரஸ் சீக்கிரம் செயலிழந்துவிடும். மேட்டில் அது காத்துக்கொண்டு கிடப்பதில்லை, அடுத்த பையனின் கன்னத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1989இல் பள்ளி மாணவர்களுக்கான மல்யுத்தப் பயிற்சி முகாம் ஒன்றில் 175 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் 60 பேருக்கு இந்தத் தொற்று வந்தது, அதாவது மூன்றில் ஒருவருக்கு மேல். விசாரித்தபோது, தோலில் கொப்புளம் இருந்தவரோடு மோதியவர்களுக்கே அதிகம் வந்திருப்பது தெரிந்தது. கொப்புளம் கிளம்பிய பிறகும் பலர் பயிற்சியை நிறுத்தவில்லை. அதே மாநிலத்தில் 2007இல் மறுபடி பரவியபோது, பள்ளி மல்யுத்தம் முழுவதையும் எட்டு நாள் நிறுத்தி வைத்தார்கள்.

இதனால் மேட்டைக் கழுவ வேண்டாம் என்று ஆகிவிடாது. பாக்டீரியா, பூஞ்சை, ரத்தக் கறை இவற்றுக்காகக் கழுவியே ஆக வேண்டும். ஆனால் கழுவும் விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரே வாளித் தண்ணீரில் துடைப்பத்தை நனைத்து நனைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்தால், அழுக்கைச் சமமாகப் பங்கு போட்டதாகத்தான் ஆகும். கிருமிநாசினியைத் தெளித்த கையோடு துடைத்துவிடவும் கூடாது. அது ஈரமாக இருக்க வேண்டிய நேரம் புட்டியிலேயே போட்டிருக்கும், அத்தனை நிமிடம் விட வேண்டும். ப்ளீச்சைக் கூடுதலாகக் கலப்பதால் லாபமில்லை. மிச்சம் ஒட்டியிருந்தால் தோல் எரிந்து புண்ணாகும், புண்ணான தோலில் எந்தக் கிருமியும் சுலபமாக நுழையும்.

அடுத்து, யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது. அமெரிக்கப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. உங்கள் சங்கத்துக்கென்று தனி விதி இருந்தால் அதைப் பின்பற்றுங்கள், இல்லையென்றால் இதை எடுத்துக்கொள்ளலாம். முதல் தடவையாக ஹெர்பிஸ் வந்தவர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு குறைந்தது 10 நாள் ஒதுங்கியிருக்க வேண்டும். காய்ச்சலும் நெறி கட்டலும் இருந்தால் 14 நாள். ஏற்கெனவே வந்து, மறுபடி வருகிறவருக்கு மாத்திரை தொடங்கி 120 மணி நேரம், அதாவது முழுசாக ஐந்து நாள். இரண்டு பேருக்குமே புதிதாகக் கொப்புளம் எழும்பாமல், இருப்பதெல்லாம் காய்ந்து பொருக்கு இறுகியிருந்தால்தான் அனுமதி. கொப்புளத்தின் மேல் பிளாஸ்டர் ஒட்டி மறைத்துக்கொண்டு இறங்குவதை எந்த விதியும் ஏற்பதில்லை. வியர்வையில் பிளாஸ்டர் நழுவ ஐந்து நிமிடம் போதும்.

ஆக, புதிதாக வந்திருக்கும் மூன்று பேரும் இந்தப் போட்டிக்கு இல்லை. கஷ்டமான செய்திதான், ஆனால் இதில் பேரம் பேச இடமில்லை. முதலில் வந்த பையனுக்கு இரண்டு வாரம் ஆகிவிட்டது. பொருக்கெல்லாம் உதிர்ந்து தோல் ஆறியிருந்தால் அவனுக்கு வாய்ப்பு உண்டு, மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். மற்றவர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். கொப்புளம் கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளில் இவர்களோடு மோதிய எல்லோரையும் எட்டு நாள் உடல் தொடும் பயிற்சியிலிருந்து விலக்கி, தினமும் தோலைப் பார்க்க வேண்டும். உங்கள் குழுவில் யார் யாரோடு மோதினார்கள் என்று கணக்கெடுத்தால் அநேகமாகப் பதினெட்டுப் பேரும் வந்துவிடுவார்கள். அதனால் இன்றைக்கே கட்டிப்பிடிக்கும் பயிற்சியை மொத்தமாக நிறுத்துங்கள். ஓட்டம், கயிறு தாண்டுதல், தனியாகச் செய்யும் கால் நகர்வுகள், ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்துப் பேசுவது எல்லாம் தொடரலாம். எட்டு நாளும் ஒன்றும் வராமல் கடந்தவர்கள் ஒன்பதாம் நாள் போட்டிக்குப் போகலாம்.

சிகிச்சை பற்றிச் சுருக்கமாக. அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் போன்ற மாத்திரைகளை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். களிம்பு மட்டும் போதாது. வைரஸ் உடலை விட்டு முழுசாகப் போகாது, நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்ளும். காய்ச்சல், கடும் வெயில், தூக்கக் குறைவு, எடை குறைக்கப் பட்டினி கிடப்பது இவையெல்லாம் அதை எழுப்பிவிடும். அடிக்கடி வருகிற வீரருக்குப் போட்டிப் பருவம் முழுக்கக் குறைந்த அளவில் மாத்திரை கொடுத்து வராமல் தடுக்கவும் முடியும். அதை மருத்துவரும் பெற்றோரும் பேசி முடிவு செய்யட்டும்.

பையன்களிடம் ஒரு விஷயத்தை நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேரின் உடலில் இந்த வைரஸ் இருக்கிறது. பெரும்பாலும் சின்ன வயதிலேயே, யாரோ முத்தம் கொடுத்தபோது வந்தது. ஹெர்பிஸ் என்ற பேரைக் கேட்டதுமே தப்பான அர்த்தம் எடுத்துக்கொண்டு ஒரு பையனைக் கேலி செய்ய ஆரம்பித்தால், அடுத்து வருகிறவன் வாயைத் திறக்கவே மாட்டான்.

எனக்கு மிகவும் கவலை தருவது இந்த மறைப்புதான். எடை பார்க்கும் வரிசையில் நிற்கும் பையனின் தாடையில் ஓர் இடம் மட்டும் மற்ற தோலைவிடக் கொஞ்சம் வெளுப்பாக, மாவு பூசினாற்போல் இருக்கும். ஈரப் பஞ்சால் துடைத்தால் முகப்பூச்சு வந்துவிடும், அடியில் ஐந்தாறு கொப்புளங்கள் இருக்கும். சில பேர் உப்புத்தாளால் தேய்த்தே உரசல் காயம் மாதிரி ஆக்கிவிடுவார்கள். ப்ளீச்சை நேரடியாகத் தோலில் தடவுகிறவர்களும் உண்டு. வலியைத் தாங்கிக்கொண்டு ஒரு பிள்ளை இதைச் செய்கிறான் என்றால், சொன்னால் தன் இடம் போய்விடும் என்ற பயத்தில்தான் செய்கிறான். அந்தப் பயத்தை எடுக்க உங்களால் மட்டும்தான் முடியும், எந்த மருத்துவராலும் முடியாது. குறுகுறுப்பு என்று முதல் நாளே வந்து சொல்கிறவன் குணமாகித் திரும்பும்போது அவன் எடைப் பிரிவில் அவன் இடம் அப்படியே இருக்கும் என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுங்கள். அதைக் காப்பாற்றவும் செய்யுங்கள்.

தினசரிப் பரிசோதனைக்கு ஒருவருக்கு இரண்டு நிமிடம் போதும். நல்ல வெளிச்சத்தில், ஒவ்வொருவரையும் தனித்தனியாக, பெற்றோருக்கு முன்கூட்டியே தெரியப்படுத்திவிட்டுப் பாருங்கள். நெற்றி முடியோரம், காதுக்குப் பின்னால், தாடைக்குக் கீழே, பிடரி, முன்கையின் உள்பக்கம் ஆகிய இடங்களைத் தவறவிடாதீர்கள். பயிற்சி முடிந்த உடனே சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், வீட்டுக்குப் போய் அல்ல. துண்டு, சவரக் கத்தி, தலைக் கவசம் எதையும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளக் கூடாது. பயிற்சிக்கு முன்னால் சவரம் செய்து வரவும் வேண்டாம். சவரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும்.

மருவும் பாலுண்ணியும் வைரஸால் வருவதே. ஆனால் இவ்வளவு அவசரம் இல்லை. மருத்துவரிடம் காட்டி அகற்றியோ, நழுவாதபடி மூடியோ ஆடலாம்.

சரி, ஹெபடைடிஸ் பி. ரத்தம் வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் இது. இங்கே நிதானமாகப் போக வேண்டும். கவனக்குறைவும் ஆபத்து, பதற்றத்தில் ஒரு பையனின் வாழ்க்கையைக் குலைத்துவிடுவதும் ஆபத்து.

விளையாட்டு வழியாக இது பரவியதற்குப் பதிவுகள் உண்டு. ஜப்பானில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் சுமோ குழுவில் பத்துப் பேரில் ஐந்து பேருக்கு ஓராண்டுக்குள் ஹெபடைடிஸ் பி வந்ததை 1982இல் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். குழுவில் ஒருவரின் உடலில் வைரஸ் ஏற்கெனவே மிக அதிகமாக இருந்தது. காயங்கள் வழியாகப் பரவியிருக்கிறது. ஸ்வீடனில் 1950களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகளில், காட்டுக்குள் வரைபடத்தை வைத்து ஓடும் ஓரியன்டீரிங் வீரர்களில் 500க்கும் மேற்பட்டோருக்கு வந்தது. அவர்கள் ஒருவரை ஒருவர் தொடவே இல்லை. முட்செடி கிழித்த கால்களை எல்லோரும் ஒரே தண்ணீரில் கழுவியதைத்தான் சந்தேகித்தார்கள். இந்த வைரஸ் ஹெர்பிஸ் போல அல்ல. காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் வரை உயிர்ப்போடு இருக்கும்.

ஆனால் இதற்குத் தடுப்பூசி உண்டு, நன்றாகவே வேலை செய்யும். வழக்கமாக மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. குழந்தையில் போட்டிருந்தால் சான்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சந்தேகமிருந்தால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவைப் பார்க்கலாம், 10 அலகுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது என்று பொருள். பயிற்சியாளர்கள், காயத்துக்குக் கட்டுப்போடுகிறவர், உடைகளைத் துவைக்கிறவர் எல்லோருக்கும் இது பொருந்தும். இதைக் குழுவில் சேருவதற்கான பொது விதியாகவே வைத்துவிடுங்கள். யாருக்காக வைத்தீர்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

அந்தப் பையனை நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாக அனுமதிக்கவும் வேண்டாம். ஹெபடைடிஸ் பி உள்ள எல்லோரும் ஒரே அளவு தொற்றைப் பரப்புவதில்லை. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு, ஈ ஆன்டிஜென் என்ற வைரஸ் புரதம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து நிறைய மாறும். வைரஸ் மிக அதிகமாக இருக்கும்போது மல்யுத்தம், குத்துச்சண்டை போன்ற விளையாட்டுகளிலிருந்து விலகியிருக்கச் சொல்வார்கள். மருந்தால் அந்த அளவை வெகுவாகக் குறைக்கவும் முடியும். கல்லீரல் மருத்துவரும் குடும்பமும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது. அறிக்கை வரும் வரை அவனும் மற்றவர்களோடு தனிப் பயிற்சியில்தானே இருக்கப்போகிறான், வித்தியாசம் தெரியாது.

மற்ற பெற்றோரிடம் சொல்லலாமா என்றால், கூடாது. அந்த அப்பா உங்களை நம்பிச் சொன்னது உங்களோடு நிற்கட்டும். எல்லோருடைய ரத்தத்தையும் தொற்றுள்ளதாகவே எண்ணி நடந்துகொண்டால், யாருக்கு என்ன இருக்கிறது என்று வெளியில் சொல்லும் தேவையே வராது. ரத்தம் வந்தால் ஆட்டம் நிற்க வேண்டும். கையுறை போட்டுக் காயத்தை மூட வேண்டும், கறைபட்ட உடையை மாற்ற வேண்டும். மேட்டில் சிந்தியதை முதலில் துடைத்தெடுத்துவிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்று அன்றைக்கே கலந்ததை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள்.

ரத்தம் என்றதும் எச்ஐவி பற்றியும் பெற்றோர் கேட்பார்கள். கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் 1991 நவம்பரில் தனக்கு எச்ஐவி இருப்பதை அறிவித்துவிட்டு, 1992இல் நட்சத்திர ஆட்டத்தில் ஆடினார். அப்போதும் சக வீரர்கள் சிலர் இதே பயத்தைச் சொன்னார்கள். வியர்வையாலும் எச்சிலாலும் எச்ஐவி பரவாது. அமெரிக்கக் கால்பந்துத் தொழில்முறை ஆட்டங்களில் ரத்தக் காயங்களை எண்ணிப் பார்த்த ஆய்வு ஒன்று, பரவும் வாய்ப்பு எட்டரைக் கோடி மோதல்களில் ஒன்றுக்கும் குறைவு என்று மதிப்பிட்டது.

தோலும் ரத்தமும் தவிர வயிறும் தொண்டையும் இருக்கின்றன. 1998இல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழக அணியினர் பலருக்கு நோரோவைரஸால் வாந்தியும் பேதியும். அப்படியே போய் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக அணியோடு ஆடினார்கள். எதிரணி அவர்களோடு சேர்ந்து எதுவும் சாப்பிடவில்லை, ஆனாலும் ஆட்டத்துக்குப் பிறகு எதிரணியிலும் நோய் கிளம்பியது. களத்தில் தொட்டதுதான் காரணம். வயிற்றுப்போக்கு உள்ளவன் மேட்டில் ஏறக்கூடாது, இந்த வைரஸுக்குச் சானிடைசர் சரிப்படாது, சோப்பும் தண்ணீரும்தான். 2014இல் வட அமெரிக்கத் தொழில்முறை ஐஸ் ஹாக்கி அணிகளில் பொன்னுக்கு வீங்கி பரவி, சிட்னி கிராஸ்பி உட்பட ஒரு டஜனுக்கு மேற்பட்ட வீரர்களைப் படுக்க வைத்தது. அது எச்சிலில் பரவுவது, அதனால் தண்ணீர் பாட்டில் ஆளுக்கொன்று. பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

காய்ச்சலோடு யாரும் பயிற்சிக்கு வரக்கூடாது. சில வைரஸ்கள் இதயத் தசையைத் தாக்கும், அந்த நேரத்தில் உடலை வருத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதிலும் கடும் தொண்டை வலி, நெறி கட்டல், எழுந்திருக்க முடியாத சோர்வு என்று எப்ஸ்டீன் பார் வைரஸ் காய்ச்சல் வந்த பையனுக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும். வயிற்றில் ஒரு முட்டு பட்டால் கிழியக்கூடும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொன்னாலும் நோய் தொடங்கி மூன்று வாரமாவது மோதல் கிடையாது, அதன் பிறகும் மருத்துவர் பார்த்துச் சொன்னால்தான்.

கடைசியாகப் போட்டிச் சான்று. எடை பார்க்கும் இடத்தில் தோலைப் பார்க்கும் மருத்துவர் இருந்தால், 'ஆட உடல்தகுதி உள்ளது' என்ற ஒற்றை வரிச் சான்று அவருக்குப் போதாது. கொப்புளம் முதலில் வந்த தேதி, பரிசோதனை முடிவு, என்ன மாத்திரை, எந்தத் தேதியில் எத்தனை மணிக்குத் தொடங்கியது, கடந்த 72 மணி நேரத்தில் புதிதாக எதுவும் வரவில்லை, இருப்பவை உடலில் எந்தெந்த இடத்தில் காய்ந்த நிலையில் உள்ளன என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். எல்லாம் எழுதியிருந்தும் அங்கே உள்ளவர் திருப்பி அனுப்பலாம், அந்த அதிகாரம் அவருக்கு உண்டு. அதனால் முதல் பையனையும் பெற்றோரையும் இதற்கும் சேர்த்தே தயார்படுத்தி அழைத்துப் போங்கள்.